பிளேக் என்று சொன்ன டாக்டர்

1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்டவிப் பகுதியில் ஒரு நோயாளியைப் பார்க்கப் போனார் டாக்டர் அகாசியோ வியேகாஸ். கடுங்காய்ச்சல், நெறிக்கட்டி. துறைமுகத்தை ஒட்டிய தானியக் கிடங்குத் தெருக்கள் அவை. எலிகள் செத்து விழுந்துகொண்டிருந்தன. 1894-ல் ஹாங்காங்கை உலுக்கிய பிளேக்தான் இது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. மாநகராட்சி நிலைக்குழுவில் அதை வெளிப்படையாகவே சொன்னார்.

அப்படிச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். பிளேக் என்று தெரிந்தால் வெளிநாட்டுத் துறைமுகங்கள் பம்பாய்க் கப்பல்களைத் தடுக்கும், பருத்தி வியாபாரம் படுத்துவிடும். சாதாரணக் காய்ச்சல் என்று சொல்லியிருந்தால் யாருக்கும் கோபம் வந்திருக்காது.

வியேகாஸ் 1856-ல் கோவாவின் அர்ப்போராவில் பிறந்தவர். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் படித்து, 1888 முதல் மாநகராட்சி உறுப்பினராக இருந்தார். நோயாளியைப் பார்ப்பதும் நகரத்தைப் பார்ப்பதும் அவருக்கு ஒரே வேலை. விஞ்ஞானி ஹாஃப்கின் பம்பாயில் பிளேக் தடுப்பூசி தயாரித்து, 1897 ஜனவரி 10-ந்தேதி முதலில் தன் உடம்பிலேயே போட்டுக்கொண்டார். அந்த ஊசியை வியேகாஸ் சுமார் 18,000 பேருக்குப் போட்டதாகச் சொல்வார்கள்.

அரசாங்கம் வேறு வழியில் போனது. 1897 பிப்ரவரியில் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. வீடு வீடாகச் சோதனை, ரயிலடியில் சோதனை, நோயாளியைப் பிடித்து ஆஸ்பத்திரியில் அடைப்பது. 1896 அக்டோபரிலேயே ஆலைத் தொழிலாளர்கள் ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியைத் தாக்கியிருந்தார்கள். உள்ளே போனவர் திரும்புவதில்லை என்ற பயம். எட்டு லட்சம் பேர் இருந்த ஊரில் கிட்டத்தட்ட பாதிப் பேர் ஊரைவிட்டே ஓடினார்கள். ஓடியவர்களோடு நோயும் போனது. அடுத்த இருபது வருஷத்தில் இந்தியாவில் பிளேக்குக்கு ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் பலியானார்கள். கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் கட்டிக் கும்பிட்டது அந்த நோய்ப் பயத்தில்தான்.

பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயத்தை நானும் பார்த்திருக்கிறேன். கேரளத்தின் வண்டன்மேட்டில், ஏலத்தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களில் காய்ச்சல் கணக்கெடுப்பது என் வேலை. 2018 வெள்ளத்துக்குப் பிறகு எலிக்காய்ச்சலுக்கு முன்கூட்டியே டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்தோம். சேற்றுக்காலோடு காய் எடுத்துவிட்டு வந்த ஒரு பாட்டி மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு கேட்டார்: "ஏத்தா, பேரை எழுதுறியே, நாளைக்கு வந்து பிடிச்சிட்டுப் போவாகளா?"

"இல்ல அப்பத்தா, அடுத்த வாரம் மறுபடி மாத்திரை தரணும்ல, அதுக்குத்தான். சாப்பிட்டுட்டு இப்பவே போடுங்க" என்றேன். சோற்றுக்கு உட்கார்ந்தார். நான் அங்கேயே நின்று, அவர் விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் அடுத்த வீட்டுக்குப் போனேன்.

2020-ல் கொரோனா வந்தபோது மாநிலங்கள் கையில் எடுத்தது அதே 1897 சட்டத்தைத்தான். தமிழ்நாட்டு எல்லையில் கம்பம்மெட்டுச் சோதனைச்சாவடி அடைபட்டது. கம்பம் பக்கத்திலிருந்து ஜீப்பில் வேலைக்கு வருகிறவர்கள் நின்றுபோனார்கள். காய்ச்சல் வந்தால் வெளியே சொல்லக் கூடாது என்று லயங்களில் பேசிக்கொண்டதை என் காதாலேயே கேட்டேன். சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் போலீஸோடு சேர்ந்து வருகிற மாத்திரையை மக்கள் விழுங்க மாட்டார்கள்.

வியேகாஸ் 1906-ல் பம்பாய் மாநகராட்சித் தலைவரானார். பிளேக் அப்போதும் முழுதாக ஓயவில்லை. 1933-ல் காலமான அவருக்கு தோபி தலாவில், மெட்ரோ தியேட்டருக்கு எதிரே சிலை இருக்கிறது.

வியேகாஸைப் போல, நோயைக் கண்டதும் குழுவில் எழுந்து சொல்ல இங்கேயும் ஆள் வேண்டும். கேரளத்தில் ஒவ்வொரு வார்டிலும் பஞ்சாயத்து உறுப்பினர் தலைமையில் சுகாதாரக் குழு உண்டு. தோட்டப் பகுதிகளில் அந்தக் குழுவில் லயத்துப் பெண் ஒருத்தியாவது உட்கார வேண்டும், அவள் பேசுகிற தமிழிலேயே கூட்டம் நடக்க வேண்டும். எந்த லயத்தில் எலி சாகிறது, எந்த வீட்டில் மூன்று நாளாகக் காய்ச்சல் என்பது முதலில் அவளுக்குத்தான் தெரியும்.