ஒற்றை அறை வீட்டுக்குள் ஒரு தேர்வு அறை

பட்டு நெசவுக்குப் பெயர்போன ஆரணியை அடுத்த தச்சூரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி இருக்கிறது. கூலி நெசவு, வயல் வேலை, அரிசி ஆலை வேலை என உழைக்கும் குடும்பங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு இன்ஜினீயரிங் கல்லூரி என்பது சின்ன விஷயமல்ல. 2020 மார்ச்சில் கொரோனா தமிழ்நாடு முழுவதும் கல்லூரிகளை மூடியது. வகுப்பு செல்போனுக்குள் போனது.

போன் எத்தனை வீட்டில் இருந்தது? 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி, நாட்டின் கிராமப்புறக் குடும்பங்களில் 100க்கு 15 வீடுகளில்தான் இணைய வசதி. கணினி இருந்தது 4 வீடுகளில். கல்லூரி மாணவர்களுக்கு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தினமும் 2 ஜி.பி. டேட்டா இலவசம் என்று தமிழக அரசு அறிவித்தது. நல்ல உதவிதான். ஆனால் டேட்டா கார்டு தனி அறை தராது.

2021 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகம் ஆன்லைனில் செமஸ்டர் தேர்வு நடத்தியது. மாணவரின் முகத்தையும் அசைவையும் கேமரா வழியே மென்பொருள் கண்காணித்தது. குறுக்கே தம்பி நடந்தால், பக்கத்து வீட்டில் தறி ஓடினால், சிக்னல் போனால் என்ன ஆகும்? காலனியின் ஒற்றை அறை வீட்டில் கேள்வித்தாளைவிட இந்தப் பயமே பெரிது. ஏராளமானோர் தோல்வியடைந்தனர், முறைகேடு சந்தேகத்தில் பலரின் முடிவு நிறுத்திவைக்கப்பட்டது. எதிர்ப்பு வலுத்ததும் 2021 மே மாதம் மறுதேர்வு அறிவித்தது அரசு.

இதில் நாம் மறக்கக் கூடாதது ஒன்று. தலித் மாணவருக்கு அரியர் விழுந்தால் “கோட்டாவில் வந்தவர்தானே” என்று சொல்ல ஆள் இருக்கிறது. அதைக் கேட்டுக் கேட்டு, வீட்டில் இடமில்லாத குறையைத் தன் மூளையின் குறையாக நினைத்துக்கொள்கிறார் முதல் தலைமுறைப் பட்டதாரி. பதற்றம் அங்கேதான் பிறக்கிறது.

இணையம் கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று 2019இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் அறிவித்திருக்கிறது. கருவி கையில் வந்தால் மட்டும் போதாது. ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும் ஊர் நூலகங்களிலும் இணையத்தோடு அமைதியான ஓர் அறை வேண்டும். ஆன்லைன் தேர்வு வைத்தால், வீட்டில் வசதியில்லாதவர் கல்லூரியிலேயே எழுத வழி வேண்டும். மாணவர்களே, இதைச் சலுகையாகக் கேட்காதீர்கள், உரிமையாகக் கேளுங்கள்.

மனம் தளர்ந்தால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். கட்டணமில்லை.