சிவப்பு ஆயில் விளக்கு

கார் டேஷ்போர்டில் எண்ணெய்க் குவளை வடிவில் எரியும் சிவப்பு விளக்கு, இன்ஜின் ஆயிலின் அழுத்தம் விழுந்துவிட்டதைக் காட்டுகிறது. ஆயில் குறைந்தால் எரியும் விளக்கு என்றே பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. பம்புக்கு எட்டாத அளவுக்கு ஆயில் குறைந்தால் அழுத்தம் விழும், விளக்கும் எரியும். ஆனால் ஆயில் முழுதாக இருக்கும்போதும் அது எரியலாம். ஒரு லிட்டர் குறைந்த பிறகும் எரியாமலே இருக்கலாம். அளவைச் சொல்வதற்கென்று சில கார்களில் மஞ்சள் விளக்கு தனியாக உண்டு. அது எரிந்தால் அருகில் உள்ள பெட்ரோல் பங்க் வரை மெதுவாகப் போய் ஆயில் ஊற்றிக்கொள்ளலாம். சிவப்பு எரிந்தால் வண்டியை அங்கேயே நிறுத்தியாக வேண்டும்.

இன்ஜினுக்கு அடியில் சம்ப் என்ற தொட்டியில் ஆயில் தேங்கி நிற்கிறது. பம்ப் அதை ஸ்ட்ரெய்னர் என்ற வலை வழியாக உறிஞ்சி, ஃபில்டருக்குள் தள்ளி, அங்கிருந்து கிராங்க் ஷாஃப்டின் பேரிங்குகளுக்கும் மேலே உள்ள கேம் ஷாஃப்டுக்கும் அனுப்புகிறது. டர்போ உள்ள வண்டியில் அதற்கும் இதே ஆயில்தான். ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் அதில் சில பங்குதான். அந்த இடைவெளியில் ஆயில் படலம் நிற்கும் வரை உலோகமும் உலோகமும் தொடுவதில்லை. 2000 ஆர்.பி.எம்.மில் கிராங்க் ஷாஃப்ட் நொடிக்கு 33 முறை சுழல்கிறது. படலம் அறுந்தால் பேரிங் தேய்ந்து, சூடேறி, ஷாஃப்டைக் கவ்விக்கொள்ள அதிக நேரம் பிடிக்காது. இன்ஜின் சீஸ் ஆகிவிட்டது என்று மெக்கானிக்குகள் சொல்வது இந்த நிலையைத்தான்.

விளக்கை இயக்குவது இன்ஜின் பிளாக்கில் திருகப்பட்டிருக்கும் ஒரு சிறிய சுவிட்ச். பெரும்பாலான வண்டிகளில் ஆயில் அழுத்தம் சுமார் 0.3 முதல் 0.5 பாருக்குக் கீழே போனால்தான் அது விளக்கை எரிய விடும். ஓடும் இன்ஜினில் வழக்கமாக 2 முதல் 4 பார் வரை அழுத்தம் இருக்கும். அதாவது, பெரும்பகுதி அழுத்தம் போன பிறகே இந்த எச்சரிக்கை வருகிறது. ‘வீடு வரைக்கும் போயிடலாம்’ என்ற நினைப்பு இவ்வளவு செலவு வைப்பதற்குக் காரணம் இதுதான். சாவியைத் திருப்பியதும் விளக்கு ஒருமுறை எரிந்து, ஸ்டார்ட் ஆன ஓரிரு நொடியில் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவில்லை என்றால் பல்பிலோ ஒயரிலோ சுவிட்சிலோ கோளாறு. அந்த வண்டிக்கு எச்சரிக்கையே கிடையாது.

ஓடும்போது எரிந்தால் இடப்பக்கம் ஒதுங்கி இன்ஜினை அணைக்க வேண்டும். சமதளத்தில் ஐந்து, பத்து நிமிடம் விட்டால் மேலே போன ஆயில் சம்ப்புக்கு இறங்கிவிடும். பிறகு டிப்ஸ்டிக்கை உருவி, பனியன் வேஸ்டிலோ பழந்துணியிலோ துடைத்து, மறுபடி முழுக்கச் செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். துடைக்காமல் முதல் முறை எடுத்துப் பார்க்கும் அளவை நம்ப முடியாது, குழாயின் பக்கங்களில் பட்ட ஆயில் கம்பி முழுக்க ஈஷியிருக்கும். கம்பியின் நுனியருகே இரண்டு குறிகள் இருக்கும். ஆயில் கீழ்க்குறிக்கும் கீழே இருந்தால், கார் கையேட்டில் சொன்ன கிரேடு ஆயிலை அரை லிட்டர் ஊற்றி, சற்றுப் பொறுத்து மீண்டும் அளக்க வேண்டும். மேல்குறியைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதல்: சுழலும் கிராங்க் ஆயிலை நுரையாக அடித்துவிடும், நுரையை பம்ப் தள்ளும்போது அழுத்தம் நிற்காது.

ஊற்றியபின் ஸ்டார்ட் செய்ததும் விளக்கு அணைந்து, ‘டக் டக்’ சத்தமும் இல்லை என்றால் மெதுவாக மெக்கானிக்கிடம் ஓட்டிப் போகலாம். அளவு சரியாக இருந்தும் எரிகிறது என்றால் டோ செய்வதே வழி.

எப்போது எரிந்தது என்பதே மெக்கானிக்குக்குப் பாதி விடை. வளைவிலும் பிரேக் போடும்போதும் மட்டும் மின்னினால் ஆயில் குறைவு. அது ஒரு பக்கம் ஒதுங்கும்போது ஸ்ட்ரெய்னர் காற்றை உறிஞ்சுகிறது. நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய வண்டி சிக்னலில் நிற்கும்போது மின்னி, ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் அணைந்தால், ஆயில் நீர்த்திருக்கலாம், பேரிங்கோ பம்போ தேய்ந்திருக்கலாம். கற்களோ உயரமான வேகத்தடையோ அடியில் இடித்த பிறகு எரிந்தால் சம்ப்பைப் பார்க்க வேண்டும். ஒழுகாவிட்டாலும், உள்ளே நசுங்கிய தகடு ஸ்ட்ரெய்னரின் வாயை அடைத்திருக்கலாம். சர்வீஸ் முடிந்த கையோடு எரிந்தால் டிரெயின் போல்ட்டையும் ஃபில்டரையும் பார்க்க வேண்டும். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டி நின்று, அதன் மேல் புதிய ஃபில்டரை ஏற்றினால் ஆயில் பீய்ச்சிக்கொண்டு வெளியேறும்.

சுவிட்ச் மட்டும் கெட்டுப்போவதும் உண்டு. சுவிட்சின் கனெக்டரில் ஆயில் கசிந்திருப்பது அதற்கு ஒரு அடையாளம். ஆனாலும் ஊகத்தில் சுவிட்சை மாற்றி அனுப்புவது சரியான வேலையல்ல. அதைக் கழற்றி அந்த இடத்தில் பிரஷர் கேஜைத் திருகி, ஐடிலிலும் 2000 ஆர்.பி.எம்.மிலும் அழுத்தத்தை அளக்கச் சொல்லிக் கேட்பது வண்டிக்காரரின் உரிமை. ஒயரிங்கைப் பார்ப்பதும் சுவிட்சை மாற்றுவதும் அதற்குப் பிறகுதான். கெட்டியான ஆயிலை ஊற்றி விளக்கை அணைய வைப்பவர்களும் இருக்கிறார்கள். அது தேய்மானத்தை மறைக்குமே தவிரச் சரிசெய்யாது. 0W-20 கேட்கும் புது இன்ஜினில் 20W-50 ஊற்றினால், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் மேலே ஏறத் தாமதமாகும்.

குறைந்த ஆயில் எங்கே போயிற்று என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும். இரவு நிறுத்தும் இடத்தில் ஓர் அட்டையை விரித்து வைத்தால் ஒழுகும் இடம் காலையில் தெரியும். தரையில் சொட்டே இல்லாமல், சைலன்சரில் நீலப் புகை வந்தால் வண்டி ஆயில் குடிக்கிறது. பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் போட்ட காபி நிறத்தில் இருந்தால் கூலன்டோ தண்ணீரோ கலந்திருக்கிறது. சென்னையின் 2015 வெள்ளம் போல வண்டி மூழ்கிவிட்ட சமயங்களில் ஸ்டார்ட் செய்யவே கூடாது. சில வேளை ஆயிலின் அளவு ஏறவும் செய்யும். புகைத்துகள் ஃபில்டர் உள்ள டீசல் கார்களில் அந்த ஃபில்டர் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளக் கூடுதல் டீசல் எரிக்கப்படுகிறது. நகருக்குள் சிறுதூரமே ஓடி அந்த வேலை அடிக்கடி பாதியில் நின்றால், எரியாத டீசல் சம்ப்பில் இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்கிறது.

விளக்கு எரிந்தபடியே சிறிது தூரமாவது ஓடிய வண்டிக்கு ஆயில் மாற்றினால் மட்டும் போதாது. வடித்த ஆயிலை வெயிலில் பார்த்து, ஃபில்டரை அறுத்து அதன் மடிப்புகளை விரித்துப் பார்க்க வேண்டும். பளபளக்கும் துகள் இருந்தால் சம்ப்பைக் கழற்றிப் பேரிங்குகளைச் சோதிப்பது அவசியம். ஷாஃப்டில் கீறல் விழாதிருந்தால் பேரிங் செட் மாற்றுவதோடு வேலை முடியலாம். கீறல் விழுந்திருந்தால், கையேடு அனுமதிக்கும் இன்ஜின்களில், கிராங்க் ஷாஃப்டைக் கழற்றி லேத் பட்டறைக்கு அனுப்பி கிரைண்டிங் செய்து, 0.25 மி.மீ. அண்டர்சைஸ் பேரிங் போட வேண்டியிருக்கும்.