பம்பாயின் வாசலில் ஒரு சின்னக் கடற்படை

தாராவியில் காலா கில்லா என்று சொன்னால் பஸ் டிப்போவுக்குத்தான் வழி காட்டுவார்கள். அந்தப் பெயருக்குக் காரணமான கருங்கல் கோட்டை மித்தி ஆற்றுப் பக்கம், நெருக்கியடித்த வீடுகளுக்கு நடுவே இன்னும் நிற்கிறது. 1737-ல் பம்பாய் ஆளுநர் ஜான் ஹார்ன் கட்டியது; சுவரில் பதித்த கல்லில் அவர் பெயர் இருக்கிறது. அதே ஆண்டில்தான் மராட்டியர்கள் தாணேயைப் போர்ச்சுகீசியரிடமிருந்து பறித்தார்கள். ஆற்றுக்கு அக்கரை அவர்கள் கைக்குப் போனதும் பம்பாயை ஆண்ட ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்குத் தூக்கம் போயிற்று.

நிலப்பக்கம் வந்த இந்தப் பயம் புதிது. கடல்பக்கத்துப் பயத்துக்கு அப்போதே அறுபது வயது.

1650-களின் கடைசியில் சிவாஜி கல்யாண், பிவண்டி பக்கம் கப்பல் கட்டத் தொடங்கியபோது இந்தக் கடலில் அவருக்கு இடமே இல்லை. கோவாவிலும் வசாயிலும் போர்ச்சுகீசியர். ஜஞ்சிராத் தீவில் ஆப்பிரிக்க வம்சாவளிச் சித்திகள். சில ஆண்டுகளில் பம்பாய்க்கு ஆங்கிலேயரும் வந்து சேர்ந்தார்கள். பெருங்கடலைத் தாண்டி வந்த அவர்களுடைய கப்பல்களுக்கு ஈடாக ஒன்றைக் கட்டப் பணமும் இல்லை, பழக்கமும் இல்லை. சிவாஜி அந்தப் போட்டிக்கே போகவில்லை. தன் கரையை மட்டும் காக்க என்ன வேண்டுமோ அதைக் கட்டினார். அவருடைய பெரிய புத்திசாலித்தனம் இதுதான்.

அந்தப் படையின் முதுகெலும்பு இரண்டு வகைக் கலங்கள். ஒன்று குராப். இரண்டு அல்லது மூன்று பாய்மரம், அகலமான உடல், ஆழமில்லாத அடிப்பாகம். அணியத்தில் நேர்முன்னாகச் சுடும் பீரங்கிகள் இருக்கும். மற்றது கல்பத். அதைவிடச் சிறியது, நாற்பது ஐம்பது துடுப்புகள் வலித்து ஓடும். காற்று விழுந்து ஐரோப்பியக் கப்பல் அசையாமல் கிடக்கும் நேரம்தான் இவர்களுக்கு நல்ல நேரம். கல்பத்கள் குராபைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய் எதிரியின் பின்பக்கம் நிறுத்தும். பெரிய கப்பலின் பீரங்கி வரிசை இரண்டு பக்கவாட்டிலும்தான். பின்னால் காவல் குறைவு. முதலில் பாயையும் கயிறுகளையும் சுட்டுக் கிழிப்பார்கள். பிறகு நாலா பக்கமும் சூழ்ந்து கத்தியோடு மேலே ஏறுவார்கள். நிலைமை சரியில்லை என்றால் கழிமுகத்துக்குள் ஓடி மறைந்துவிடலாம். அங்கே பெரிய கப்பல் நுழைந்தால் தரைதட்டும்.

ஓடி ஒளிய இடமும் வேண்டுமே. அதற்குத்தான் கடற்கோட்டைகள். மால்வண் எதிரே ஒரு தீவில் 1664-ல் தொடங்கிய சிந்துதுர்க் மூன்று ஆண்டில் முடிந்தது. விஜயதுர்க், சுவர்ணதுர்க், அலிபாக் கரையோரக் கொலாபா என்று வரிசை நீண்டது. கலமும் கோட்டையும் ஒன்றையொன்று காத்தன.

இந்த ஏற்பாட்டுக்கு முதல் பெரிய சோதனை கந்தேரி. பம்பாய்த் துறைமுக வாசலுக்குத் தெற்கே, தள் கிராமத்துக்கு எதிரே உள்ள சின்னத் தீவு. 1679-ல் சிவாஜியின் ஆட்கள் அங்கே இறங்கிச் சுவர் எழுப்ப ஆரம்பித்ததும் ஆங்கிலேயர் கப்பல்களை அனுப்பி வளைத்தார்கள். அக்டோபரில் தௌலத் கான் தலைமையில் மராட்டியக் கலங்கள் பாய்ந்தன. ‘டவ்’ என்ற ஆங்கிலக் கலம் பிடிபட்டது. ‘ரிவெஞ்ச்’ என்ற போர்க்கப்பல் எதிர்த்து நின்று அவர்களைத் துரத்தியது. நேருக்கு நேர் சண்டையில் மராட்டியர் வென்றார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் இரவில் ஆழமற்ற நீர் வழியாகச் சின்னப் படகுகள் தீவுக்கு ஆளும் அரிசியும் கொண்டுபோனதை யாராலும் தடுக்க முடியவில்லை. சுவர் எழுந்தது. அடுத்த ஆண்டே ஆங்கிலேயர் சமாதானத்துக்கு வந்தார்கள்.

இந்த முறையை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் கான்ஹோஜி ஆங்ரே. 1698 வாக்கில் கடற்படைத் தலைவரானார். தன் அனுமதிச் சீட்டு இல்லாமல் கொங்கண் கரையில் வணிகக் கப்பல் போகக் கூடாது என்றார். ஆங்கிலேயர் அவரைக் கடற்கொள்ளையர் என்றே எழுதிவைத்தார்கள். போர்ச்சுகீசியர் அதே சீட்டை அதே கடலில் இருநூறு ஆண்டுகளாக விற்றுவந்தபோது அதை ஆட்சி உரிமை என்று சொன்னவர்கள் ஐரோப்பியர்கள்! 1712-ல் பம்பாய் ஆளுநரின் சொந்தக் கப்பலையே கான்ஹோஜி பிடித்தார். அடுத்து வந்த ஆளுநர் சார்லஸ் பூன் பெரும் படை திரட்டி 1717-ல் விஜயதுர்க்கையும் மறு ஆண்டில் கந்தேரியையும் தாக்கினார், இரண்டும் தோல்வி. 1721-ல் பிரிட்டன் அரசரின் போர்க்கப்பல்கள் நான்கும் போர்ச்சுகீசியப் படையும் சேர்ந்து வந்தும் கொலாபா விழவில்லை. 1729-ல் இறக்கும்வரை கான்ஹோஜியை யாராலும் அடக்க முடியவில்லை.

அழிவு உள்ளிருந்து வந்தது. பிள்ளைகள் பங்குக்கு அடித்துக்கொண்டார்கள். அவர்களில் துளாஜி ஆங்ரே, மராட்டிய அரசின் தலைமை அமைச்சரான பேஷ்வாவுக்கு அடங்க மறுத்தார். பேஷ்வா பாலாஜி பாஜிராவ் ஆங்கிலேயரையே துணைக்குக் கூப்பிட்டார். 1756 பிப்ரவரியில் ஆங்கிலத் தளபதிகள் வாட்சனும் கிளைவும் விஜயதுர்க்கைத் தாக்கினார்கள். நெருக்கமாகக் கட்டியிருந்த கலங்களில் ஒன்றில் குண்டு விழுந்து தீப்பிடிக்க, மொத்தக் கடற்படையும் எரிந்து போயிற்று. அடுத்த ஆண்டு அதே இருவரும் வங்காளத்தில் பிளாசி வெற்றிக்கு வழி வகுத்தார்கள். தன் கரையைக் காத்த ஒரே படையைத் தன் கையாலேயே ஒழித்தது பேஷ்வா செய்த மிகப் பெரிய தவறு.

சின்னக் கலம் பெரிய கப்பலை மடக்கும் கதை அதோடு முடியவில்லை. 1967 அக்டோபரில் எகிப்தின் சிறு ஏவுகணைப் படகுகள், போர்ட் சயீத் துறைமுகத்தை விட்டுப் பெரிதாக நகராமலே, இஸ்ரேலின் ஏலாத் போர்க்கப்பலை மூழ்கடித்தன. 1971 டிசம்பர் 4 இரவு, கரைக் காவலுக்கென்று வாங்கிய அதே ஜாதி ஏவுகணைப் படகுகளை நம் கடற்படை கராச்சி வரை கொண்டுபோய், பாகிஸ்தானின் கைபர் போர்க்கப்பலை மூழ்கடித்தது. அந்த நாளைத்தான் கடற்படை தினமாகக் கொண்டாடுகிறோம்.

மும்பையில் கடற்படைத் தளம் ஒன்றுக்கு 1951 முதல் ஆங்ரே பெயர். மஸகான் டாக்கில் கட்டி 2019-ல் படையில் சேர்ந்த நீர்மூழ்கிக்குக் கந்தேரி என்று பெயர். 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளில் கந்தேரியும் உண்டு, நம் செஞ்சியும் உண்டு. செஞ்சி ஏறிப் பார்த்த தமிழர்கள் பலர். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் இருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடற்கோட்டையையும் பார்த்துவிட்டு வர வேண்டும். கேட்வேயில் படகு ஏறி மாண்ட்வாவில் இறங்கினால் அலிபாக் பக்கம்தான். நீர் வற்றும் நேரத்தில் கொலாபா கோட்டைக்கு நடந்தே போகலாம். மழைக்காலத்தில் மட்டும் கேட்வேயிலிருந்து மாண்ட்வா படகு ஓடாது.