மகிழுந்து மேம்பாடு: எதற்கு முதலிடம்?

காஹாங், ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில் உள்ள ஒரு சிறு பட்டணம். குளுவாங்கிலிருந்து மெர்சிங் செல்லும் கூட்டரசுச் சாலை இவ்வழியே செல்கிறது. சாலையின் இருமருங்கிலும் செம்பனைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. செம்பனைக் குலைகளை ஏற்றிய லாரிகள் மெதுவாக ஊர்ந்து செல்ல, அவற்றின் பின்னே மகிழுந்துகள் வரிசை பிடித்து நிற்பதை இங்கே அடிக்கடி காணலாம். காஹாங்கிலிருந்து எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் பெத்தா நுழைவாயிலுக்குச் செல்லும் பாதையோ 50 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட செம்மண் தடமாகும். ஆண்டிறுதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் தார்ச்சாலையும் வழுக்கும்; மண்சாலை சேறாகிவிடும்.

இத்தகைய ஊர்களில் மகிழுந்து ஆடம்பரப் பொருளன்று. வேலைக்கும் மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் செல்ல அதுவே துணை. வேலைக்குச் சேர்ந்த இளைஞர் பலர் முதலில் வாங்குவது ஒரு பழைய மைவி அல்லது சாகா மகிழுந்தாகத்தான் இருக்கும். வாங்கிய சில மாதங்களிலேயே அதன் செயல்திறனைக் கூட்ட வேண்டும் என்ற ஆசையும் பிறந்துவிடுகிறது. ஆசையில் தவறில்லை. ஆனால், கையில் இருக்கும் பணமோ குறைவு. அந்தப் பணத்தை எதற்கு முதலில் செலவிட வேண்டும் என்பதே கேள்வி.

செயல்திறன் என்பது யாது?

செயல்திறன் என்றவுடன் பலர் வேகத்தை மட்டுமே நினைக்கின்றனர். உண்மையில் அது நான்கு கூறுகளைக் கொண்டது. மகிழுந்து எவ்வளவு விரைவாக வேகமெடுக்கிறது என்பது முதல் கூறு. வளைவில் சாலையை எவ்வளவு உறுதியாகப் பற்றுகிறது என்பது இரண்டாவது. தேவையான இடத்தில் எவ்வளவு குறுகிய தூரத்தில் நிற்கிறது என்பது மூன்றாவது. இம்மூன்றையும் எவ்வளவு காலம் பழுதின்றிச் செய்கிறது என்பது நான்காவது. முதல் கூறுக்கு மட்டும் பணத்தைக் கொட்டி, மற்ற மூன்றையும் மறந்துவிட்டால் அது மேம்பாடு ஆகாது; ஆபத்தாகவே முடியும்.

முதற்படி: இழந்ததை மீட்டல்

பத்தாண்டு ஓடிய மகிழுந்து, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது இருந்த ஆற்றலோடு இருப்பதில்லை. அழுக்கேறிய காற்று வடிகட்டி, தேய்ந்த ஸ்பார்க் பிளக், காலம் கடந்த இயந்திர எண்ணெய், காற்றழுத்தம் குறைந்த டயர் ஆகியவை ஒவ்வொன்றும் சிறிதளவு ஆற்றலைத் திருடிக்கொள்கின்றன. இவற்றைச் சரிசெய்வதற்கு ஆகும் செலவு குறைவு. ஆனால், பலன் உடனே தெரியும். எனவே, புதிய உதிரிப்பாகம் வாங்குவதற்கு முன், மகிழுந்தின் கையேட்டில் கூறப்பட்டுள்ள பராமரிப்பை முழுமையாகச் செய்துவிட வேண்டும். நோயுற்ற உடலுக்கு முதலில் மருந்து தேவை. பயிற்சி அதன் பின்னரே.

டயர்: நான்கு உள்ளங்கை அளவு

ஏறத்தாழ 1,000 கிலோகிராம் எடையுள்ள ஒரு மகிழுந்து சாலையைத் தொடும் பரப்பு மிகச் சிறியது. ஒவ்வொரு டயரும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு இடத்தில்தான் சாலையைத் தொடுகிறது. வேகமெடுப்பது, திரும்புவது, நிற்பது அனைத்தும் அந்த நான்கு உள்ளங்கைகளின் வழியே நடந்தாக வேண்டும். ஆகவே, குறைந்த பணத்தில் நிறைந்த பலன் தரும் மேம்பாடு நல்ல டயர்தான்.

டயர் வாங்கும்போது அதன் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைப் பார்க்க வேண்டும். ‘2423’ என்றிருந்தால், அது 2023ஆம் ஆண்டின் 24ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய டயரை வாங்கினால், வரிப்பள்ளம் ஆழமாக இருந்தாலும் ரப்பர் இறுகிப் போயிருக்கும். வரிப்பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்துவிட்டால் அந்த டயரை மாற்றியே ஆக வேண்டும். மழைநீரை வெளியேற்றுவது அந்தப் பள்ளமே. பள்ளம் தேய்ந்தால் டயருக்கும் சாலைக்கும் இடையே நீர் தங்கி, மகிழுந்து நீரின்மேல் மிதக்கத் தொடங்கும். அந்நிலையில் திசைதிருப்பியைத் திருப்பினாலும் பயனிராது.

பெரிய ரிம் பொருத்துவதிலும் கணக்கு உண்டு. 175/65 ஆர்14 அளவுள்ள டயரின் முழு விட்டம் ஏறத்தாழ 583 மில்லிமீட்டர். அதற்கு மாற்றாக 185/55 ஆர்15 பொருத்தினால் விட்டம் ஏறத்தாழ 585 மில்லிமீட்டர். வேறுபாடு மிகச் சிறிது. ஆனால், 195/60 ஆர்15 பொருத்தினால் விட்டம் 615 மில்லிமீட்டராகிவிடும். அப்போது வேகமானியின் முள் 90 கிலோமீட்டரைக் காட்டும்போது, மகிழுந்து அதனைவிட ஏறத்தாழ 5 கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். மேலும், கனமான ரிம்மைச் சுழற்ற இயந்திரம் கூடுதலாக உழைக்க வேண்டியிருப்பதால், வேகமெடுக்கும் திறனும் குறையும்.

பிரேக்: நிற்கும் தூரமே உயிர் காக்கும்

மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மகிழுந்து ஒரு நொடியில் 25 மீட்டரைக் கடக்கிறது. முன்னே ஒரு மாடு குறுக்கிடுவதைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆனாலும், அதற்குள் 25 மீட்டர் கடந்துவிடும். அதன் பின்னர், நல்ல டயரும் காய்ந்த சாலையும் இருந்தால் நிற்பதற்கு ஏறத்தாழ 45 மீட்டர் தேவை. சாலை நனைந்து, டயர் தேய்ந்து, பிடிமானம் பாதியாகிவிட்டால் அந்த 45 மீட்டர் 90 மீட்டராக நீளும்.

வேகம் இருமடங்கானால் நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. இயந்திரத்தின் ஆற்றலைக் கூட்டிவிட்டுப் பிரேக்கைப் பழையபடியே விட்டுவிடுவது எவ்வளவு பிழை என்பதை இதிலிருந்து உணரலாம். பிரேக்கிற்குப் பெருஞ்செலவு செய்ய வேண்டியதில்லை. தரமான பிரேக் பட்டை, புதிய பிரேக் எண்ணெய் ஆகிய இரண்டே பெரும்பாலோருக்குப் போதும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் தன்மை உடையது. புதிய டாட் 3 வகை எண்ணெய்க்கு இருக்க வேண்டிய குறைந்தபட்சக் கொதிநிலை 205 பாகை செல்சியஸ். ஈரம் கலந்த நிலையில் அந்த அளவு 140 பாகையாகக் குறைகிறது. நெடிய இறக்கத்தில் அடிக்கடி பிரேக்கை மிதிக்கும்போது பழைய எண்ணெய் கொதித்து ஆவியானால், மிதி தரைவரை இறங்கும், மகிழுந்து நிற்காது.

அப்சோர்பரும் எடையும்

டயர் சாலையைவிட்டு எழும்பாமல் பார்த்துக்கொள்வது அப்சோர்பரின் வேலை. அது தளர்ந்துவிட்டால் மேடுபள்ளத்தில் மகிழுந்து துள்ளும். துள்ளும் கணத்தில் டயருக்குப் பிடிமானம் இராது. தளர்ந்த அப்சோர்பரை அதே தரத்தில் மாற்றினாலே பழைய மகிழுந்து புத்துணர்வு பெறும். அழகுக்காக மகிழுந்தைத் தாழ்த்துவது காஹாங் போன்ற இடங்களுக்குப் பொருந்தாது. மண்சாலையிலும் குழிகளிலும் அடிப்பாகம் இடித்து, மிச்சப்படுத்திய பணம் பழுதுபார்ப்பிலேயே கரைந்துவிடும்.

எடையைக் குறைப்பதற்குப் பெரும்பாலும் காசே தேவையில்லை. 1,000 கிலோகிராம் எடையும் 85 குதிரைத்திறனும் கொண்ட மகிழுந்தின் பின்பகுதியில் தேவையற்ற பொருள்கள் 50 கிலோகிராம் இருப்பதாகக் கொள்வோம். அவற்றை இறக்கிவிட்டால், வேகமெடுப்பதைப் பொறுத்தவரை இயந்திரத்திற்கு நான்கு குதிரைத்திறனுக்கு மேல் கூட்டியதற்கு அது ஒப்பாகும். பிரேக்கிற்கும் டயருக்கும் எரிபொருளுக்கும் அதனால் நன்மையே. எனினும், மாற்று டயரையும் பாதுகாப்புக் கருவிகளையும் இறக்கிவிடக்கூடாது.

ஓசை வேறு, ஆற்றல் வேறு

சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சில பொருள்கள் ஆற்றலைக் கூட்டுவதாக நம்பப்படுகின்றன. கூம்பு வடிவக் காற்று வடிகட்டி அவற்றுள் ஒன்று. அதைப் பொருத்தியதும் இயந்திரம் உறுமுகிறது. ஆனால், அது மூடியின்றி இயந்திரத்தின் அருகிலேயே இருப்பதால் சூடான காற்றை உறிஞ்சுகிறது. 30 பாகை வெப்பமுள்ள காற்றைவிட 60 பாகை வெப்பமுள்ள காற்று ஏறத்தாழ 9 விழுக்காடு அடர்த்தி குறைந்தது. அடர்த்தி குறைந்தால் உயிர்வளி குறையும். உயிர்வளி குறைந்தால் எரிதலும் குறையும். ஆக, ஓசை கூடி, ஆற்றல் குறையவும் வாய்ப்புண்டு.

உயர்ந்த ஆக்டேன் எண் கொண்ட பெட்ரோலும் அவ்வாறே தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. ஆக்டேன் எண் என்பது எரிபொருள் உரிய நேரத்திற்கு முன் தானாக வெடிக்காமல் தாங்கும் திறனைக் குறிக்கும். அதில் அடங்கியுள்ள ஆற்றலைக் குறிக்காது. ரோன் 95க்கென வடிவமைக்கப்பட்ட சாதாரண இயந்திரத்தில் ரோன் 97 ஊற்றுவதால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை.

டர்போ பொருத்துவதும் பெரிய இயந்திரத்தை மாற்றுவதும் உண்மையிலேயே ஆற்றலைக் கூட்டுபவை. ஆனால், அவற்றின் செலவு அந்த ஒரு பாகத்தோடு நிற்பதில்லை. எரிபொருள் முறை, குளிரூட்டி, கியர்ப்பெட்டி, பிரேக் என ஒன்றன்பின் ஒன்றாக அனைத்தையும் மாற்ற வேண்டி வரும். பாதியில் பணம் தீர்ந்தால், ஓடாத மகிழுந்தும் தீராத கடனுமே மிஞ்சும்.

சட்டமும் காப்புறுதியும்

நம் நாட்டில் வாகன மாற்றங்கள் 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்திற்கு உட்பட்டவை. இயந்திரத்தை மாற்றுவதற்குச் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதலும் வாகனப் பரிசோதனையும் தேவை. அளவுக்கு மீறி ஓசை எழுப்பும் புகைபோக்கி தண்டத்திற்கு உரியது. காப்புறுதி நிறுவனத்திற்குத் தெரிவிக்காமல் பெரிய மாற்றம் செய்திருந்தால், விபத்தின்போது இழப்பீடு மறுக்கப்படலாம். சில ஆயிரம் ரிங்கிட் செலவில் தொடங்கிய ஆசை, ஒரு குடும்பத்தையே கடனில் ஆழ்த்திவிடக்கூடும்.

ஓட்டுநரே முதன்மை

லாரியை முந்துவதற்காகவே கூடுதல் ஆற்றல் வேண்டும் என்று சிலர் கூறுவர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் லாரியை 80 கிலோமீட்டர் வேகத்தில் முந்துவதாகக் கொள்வோம். லாரியின் பின்னிருந்து பாதுகாப்பாக அதன் முன் வந்து சேர, அதைவிட 50 மீட்டர் கூடுதலாகச் செல்ல வேண்டும். அதற்கு 9 நொடி ஆகும். அதற்குள் நாம் 200 மீட்டர் சென்றிருப்போம். எதிரே 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் 225 மீட்டர் நெருங்கியிருக்கும். ஆக, குறைந்தது 425 மீட்டர் தூரம் வெறுமையாக இருக்க வேண்டும். இயந்திர ஆற்றலை 5 விழுக்காடு கூட்டினாலும் இந்த 9 நொடியில் அரை நொடிகூடக் குறையாது. ஆனால், அரைக் கிலோமீட்டர் தெளிவாகத் தெரியும்வரை காத்திருக்கும் பொறுமைக்கு ஒரு காசும் செலவில்லை.

நம் நாட்டு மகிழுந்துப் பந்தய வீரர் கரம்ஜிட் சிங், 2002ஆம் ஆண்டில் புரோட்டோன் பெர்ட் மகிழுந்தை ஓட்டி, உற்பத்தி மகிழுந்துகளுக்கான உலக ரேலி வெற்றியாளர் பட்டத்தைப் பெற்றார். அப்பிரிவில் மகிழுந்தைப் பெரிய அளவில் மாற்றியமைக்க விதிகள் இடம் தரவில்லை. ஒத்த மகிழுந்துகளுக்கிடையே வெற்றி தோல்வியைப் பெரிதும் தீர்மானிப்பது ஓட்டுநரின் திறனே.

விரலுக்குத் தகுந்த வீக்கம்

ஒருவரிடம் 2,000 ரிங்கிட் சேமிப்பு இருப்பதாகக் கொள்வோம். அவர் முதலில் 200 ரிங்கிட்டை எதிர்பாராத செலவுக்கென ஒதுக்கி வைக்க வேண்டும். எஞ்சிய தொகையில் பராமரிப்பு, டயர், பிரேக், அப்சோர்பர் என்ற வரிசையில் எவை தேய்ந்துள்ளனவோ அவற்றை மாற்ற வேண்டும். பாகம் வாங்கும் முன் இரண்டு மூன்று பட்டறைகளில் விலை கேட்பதும், கூலியையும் சேர்த்துக் கணக்கிடுவதும் நன்று. ஒரே நேரத்தில் பலவற்றை மாற்றாமல், ஒன்றை மாற்றி, ஓட்டிப் பார்த்து, பின்னர் அடுத்ததற்குச் செல்ல வேண்டும். அப்போதுதான் எந்தச் செலவு எந்தப் பலனைத் தந்தது என்பது விளங்கும். இவையனைத்தும் செம்மையான பிறகும் பணம் மிஞ்சினால், வேகத்தைப் பற்றிச் சிந்திக்கலாம்.

வருவாய் வரும் வழி சிறிதாயினும், செலவாகும் வழி அகலாதிருந்தால் கேடில்லை என்பது திருவள்ளுவர் ‘வலியறிதல்’ அதிகாரத்தில் உணர்த்தும் கருத்து. இது மகிழுந்து வாங்குவோருக்கும் பொருந்தும். தன் பணத்தின் அளவு, தன் மகிழுந்தின் அளவு, தான் செல்லும் சாலையின் இயல்பு ஆகிய மூன்றையும் அறிந்து செலவிடுபவரே நாள்தோறும் நலமாக வீடு திரும்புவார்.