மாநிலம் மாறினால் பள்ளி கவுன்சிலர் லைசென்ஸ் செல்லுமா? அமெரிக்காவில் நடைமுறை என்ன?

அமெரிக்காவில் ஒரு மாநிலத்தில் எடுத்த டிரைவிங் லைசென்ஸை வைத்துக்கொண்டு அடுத்த மாநிலத்துக்கும் கார் ஓட்டிச் செல்லலாம். பள்ளி கவுன்சிலர் லைசென்ஸ் அப்படி இல்லை. 10 வருட அனுபவம் இருந்தாலும், புதிய மாநிலத்தில் மறுபடியும் விண்ணப்பிக்கத்தான் வேண்டும். ஒரு பேப்பர் தாமதமானால்கூட, ஆகஸ்ட் வாக்கில் தொடங்கும் கல்வியாண்டில் வேலை கைநழுவிப் போகலாம்.

ஏன் இந்தச் சிக்கல்?

அமெரிக்காவில் பள்ளிக் கல்வி மாநிலங்களின் கையில் இருக்கிறது. நாடு முழுக்கச் செல்லும் ஒரே லைசென்ஸ்னு எதுவும் கிடையாது. தகுதி மட்டுமல்ல, பெயர்கூட மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் இது 'பியூப்பில் பெர்சனெல் சர்வீசஸ் கிரெடென்ஷியல்'. அதற்கு இளநிலைப் பட்டத்துக்குப் பிறகு 48 செமஸ்டர் யூனிட் படிப்பு தேவை. டெக்சாஸில் கவுன்சிலர் ஆக 2 ஆண்டு வகுப்பறை ஆசிரியர் அனுபவம் நீண்ட காலம் கட்டாயமாக இருந்தது. 2023-ல் கொண்டுவந்த சட்டம்தான் அதை நீக்கியது.

மாநிலங்களுக்குள் ஒப்பந்தம் இருக்கே, அது போதாதா?

பலரும் ஏமாறுவது இங்கேதான். 'நாஸ்டெக்' அமைப்பின் கீழ் மாநிலங்களுக்கு இடையே ஒப்பந்தம் இருப்பது உண்மை. ஆனால் அதற்கு 'லைசென்ஸ் தானாக மாறிவிடும்' என்று அர்த்தம் இல்லை. எந்த மாநிலத்தின் எந்தச் சான்றிதழை, என்ன நிபந்தனையோடு பரிசீலிப்போம் என்று சொல்லும் ஏற்பாடு மட்டுமே அது. கூடுதல் தேர்வோ படிப்போ கேட்கும் உரிமை புதிய மாநிலத்துக்கு உண்டு.

2023-ல் நடைமுறைக்கு வந்த ஆசிரியர் இடமாற்ற ஒப்பந்தம் வகுப்பறை ஆசிரியர்களுக்கானது. 'கவுன்சிலிங் காம்பாக்ட்' என்பது மனநல ஆலோசனை தரும் புரொஃபெஷனல் கவுன்சிலர்களுக்கானது. பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், இரண்டுமே பள்ளி கவுன்சிலர் லைசென்ஸுக்குப் பொருந்தாது.

என்னென்ன தயார் செய்யணும்?

* மதிப்பெண் பட்டியல்: பெரும்பாலும் பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டும். கையில் இருக்கும் ஜெராக்ஸ் செல்லாது.

* பழைய லைசென்ஸ் சரிபார்ப்பு: அது நடப்பில் இருக்கிறது, ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை என்பதற்கான உறுதி.

* அனுபவச் சான்று: எத்தனை ஆண்டு, முழுநேரமா பகுதிநேரமா என்று பள்ளி மாவட்ட அலுவலகம் தரும் கடிதம். வேலையை விடும் முன்பே வாங்கிவிடுவது நல்லது.

* தேர்வு மதிப்பெண்: பல மாநிலங்கள் 'பிராக்சிஸ்' தேர்வை ஏற்கின்றன. ஆனால் பாஸ் மார்க் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. டெக்சாஸ் போன்ற மாநிலங்களுக்குச் சொந்தத் தேர்வே உண்டு.

* கைரேகை: பழைய மாநிலத்தில் கொடுத்திருந்தாலும், பெரும்பாலும் புதிதாகக் கொடுக்க வேண்டியிருக்கும். நியூயார்க்கில் குழந்தைகள் மீதான வன்கொடுமையை அடையாளம் காண்பது, பள்ளி வன்முறைத் தடுப்பு போன்ற பயிற்சிகளும் கட்டாயம்.

ஏதாவது ஒன்று குறைந்தால் வேலைக்கே வழியில்லையா? அப்படி இல்லை. பல மாநிலங்கள் தற்காலிக லைசென்ஸ் தருகின்றன. வேலை பார்த்துக்கொண்டே மீதித் தகுதிகளை முடிக்கலாம். ஆனால் அதற்குக் காலக்கெடு உண்டு.

யாருக்கு விதிவிலக்கு?

ராணுவத்தினருக்கும் அவர்களின் கணவன் அல்லது மனைவிக்கும். பணியிட மாற்ற உத்தரவால் மாநிலம் மாறினால், சில நிபந்தனைகளோடு பழைய லைசென்ஸையே ஏற்க வேண்டும் என 2023 ஜனவரியில் ஒரு மத்திய சட்டம் வந்தது. டெக்சாஸில் ராணுவ வீரர் ஒருவரின் மனைவியான பள்ளி கவுன்சிலர், இதே சட்டத்தைக் காட்டி வழக்குப் போட்டார். அதே ஆண்டு ஜூலையில் ஃபெடரல் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாக உத்தரவிட்டது.

இந்தியாவில் படித்தவர்களுக்கு?

தமிழ்நாட்டில் வாங்கிய பட்டம் அமெரிக்கப் பட்டத்துக்கு இணையானதா என்று அங்கீகாரம் பெற்ற நிறுவனத்திடம் மதிப்பீட்டு அறிக்கை வாங்க வேண்டும். இன்னொரு விஷயம்: லைசென்ஸ் வேறு, வேலை செய்வதற்கான விசா அனுமதி வேறு. இரண்டும் இருந்தால்தான் வேலை.

இதனால் யாருக்குப் பாதிப்பு?

ஒரு கவுன்சிலருக்கு 250 மாணவர்கள் என்பது அமெரிக்கப் பள்ளி கவுன்சிலர் சங்கத்தின் பரிந்துரை. 2022-23 கல்வியாண்டில் தேசிய சராசரி 385. ஏற்கெனவே ஆள் பற்றாக்குறை. இதில் தகுதியான ஒருவர் பேப்பர் வேலைக்காகக் காத்திருந்தால், கல்லூரி விண்ணப்பத்திலிருந்து மன அழுத்தம் வரை உதவி கேட்டு வரும் பிள்ளைகளும் சேர்ந்தே காத்திருக்க வேண்டியதுதான்.

மறக்கக் கூடாதது ஒன்று: புதிய லைசென்ஸ் கைக்கு வரும்வரை பழையதைக் காலாவதியாக விட்டுவிடாதீர்கள். மற்ற எல்லா பேப்பரும் அதை நம்பித்தான் நகரும்.