நம் ரேஷன் பையில் எத்தனை நாடுகள்?

சாகுபுரம், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் பகுதிகளில் வாழும் நாம் ரேஷன் கடைக்குப் போனால் மூன்று பொருள்களை வாங்கி வருகிறோம். அரிசி இலவசம், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய். அரிசி நம் நாட்டு வயலில் விளைந்தது. பாமாயில் பெரும்பாலும் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து கப்பலில் வருவது. பருப்பு இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. உள்நாட்டு விளைச்சல் போதாததால் மியான்மர், மொசாம்பிக், தான்சானியா நாடுகளிலிருந்தும் துவரையை வாங்குகிறோம்.

வெளிநாட்டில் வாங்குவதைக் குறையாகச் சொல்லத் தேவையில்லை. நபி யூசுஃப் (அலைஹிஸ்ஸலாம்) அவர்களின் வரலாற்றில் இரண்டும் இருக்கின்றன. எகிப்து ஏழு ஆண்டுகள் விளைவித்து, தானியத்தைக் கதிரோடு சேமித்தது. பஞ்சம் வந்தபோது கன்ஆனிலிருந்து அவர்களுடைய சகோதரர்களே எகிப்துக்கு வந்து தானியம் வாங்கினார்கள். சேமித்த நாடு விற்றது, இல்லாத நாடு வாங்கியது. இந்த இரண்டாவது பாதியை நாம் பயான்களில் அதிகம் பேசுவதில்லை.

வாங்கும் இடத்தில் நம் நாடும் இருந்திருக்கிறது. 1965, 66 வறட்சியில் அமெரிக்கக் கோதுமையை நம்பித்தான் ரேஷன் நடந்தது. அதன்பின் சி. சுப்பிரமணியம் வேளாண் அமைச்சராக இருந்த காலத்தில் புதிய விதைகள் வந்தன. அரிசியிலும் கோதுமையிலும் தலைநிமிர்ந்தோம். எண்ணெயில் இன்னும் பாதிக்கு மேல் இறக்குமதிதான். 2022 ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரங்கள் நிறுத்தியது. அடுத்த நாட்டின் ஓர் உத்தரவு நம் அடுப்படியைத் தொடும் நிலை அது.

நம் மாவட்டத்திலேயே விளாத்திகுளம், எட்டயபுரம் கரிசலில் மானாவாரியாக உளுந்தும் பாசிப்பயறும் விளைகின்றன. மழை பொய்த்தாலும் நஷ்டம், மிஞ்சினாலும் நஷ்டம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததை நாம் மறக்கவில்லை. அத்தகைய ஆண்டில் கப்பல் தேவைதான்.

ஆனால் கப்பல் எப்போது வருகிறது என்பதில்தான் விவசாயியின் பிழைப்பு இருக்கிறது. 2015இல் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது. விலையை நம்பி விவசாயிகள் அதிகம் விதைத்தார்கள். அடுத்த பருவத்தில் அமோக விளைச்சல். இறக்குமதியும் தொடர்ந்தது. துவரைக்கு அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 5,050 ரூபாய்; சந்தை விலை அதற்கும் கீழே போனது. இறக்குமதிக்கு மத்திய அரசு உச்சவரம்பு விதித்தது 2017 ஆகஸ்டில். துவரை அறுவடை முடிந்து அதற்குள் பல மாதங்கள் ஆகியிருந்தன. கடன் நெருக்கடியில் இருந்தவர் களத்து மேட்டிலேயே விற்றுவிட்டிருப்பார்.