அடுக்குத் திருமணக் கேக்: அளவும் தாங்கு அமைப்பும்

அடுக்குத் திருமணக் கேக் என்பது விட்டம் குறைந்துகொண்டே செல்லும் பல கேக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அமைப்பதாகும். கீழ்க் கேக் மேல் கேக்கைச் சுமப்பதுபோலத் தோன்றினாலும், முறையாக அமைத்த கேக்கில் எடையைத் தாங்குபவை உள்ளே மறைந்திருக்கும் குச்சிகளும் அட்டைகளுமே.

பழைய பிரித்தானியத் திருமணக் கேக் கெட்டியான பழக் கேக்காகும். அதன்மேல் பூசப்பட்ட ராயல் ஐசிங் உலர்ந்ததும் ஓடுபோல் இறுகிவிடும். 1947இல் இரண்டாம் எலிசபெத்தின் (அப்போது இளவரசி) திருமணத்துக்குச் செய்யப்பட்ட நான்கடுக்குக் கேக் 9 அடி உயரமும் ஏறத்தாழ 500 பவுண்டு எடையும் கொண்டிருந்தது. இன்று பலரும் விரும்பும் மென்மையான ஸ்பாஞ்ச் கேக்குக்கு அந்த உறுதி கிடையாது. ஆனால் உயரத்தின் மீதான ஆசை மட்டும் குறையவில்லை.

அளவு

மேலை நாடுகளில் 4 அங்குல உயரக் கேக்கில் 1 அங்குலத்துக்கு 2 அங்குலத் துண்டு ஒருவருக்குரியதாகக் கொள்ளப்படுகிறது. எனவே வட்டத்தின் பரப்பைச் சதுர அங்குலத்தில் கண்டு இரண்டால் வகுத்தால் போதும். 12 அங்குல விட்டத்துக்கு 56, 10க்கு 39, 8க்கு 25, 6க்கு 14 என மொத்தம் 134 துண்டுகள். வளைந்த ஓரங்களில் சில வீணாகும் என்பதால் 125 பேருக்கு எனத் திட்டமிடுவது நல்லது. பிறந்தநாள் கேக்கைப்போல முக்கோணத் துண்டுகளாக வெட்டினால் இக்கணக்கு உதவாது.

விருந்தினர் குறைவாக இருந்தும் உயரம் வேண்டுமென்றால், சில அடுக்குகளைத் தெர்மாகோலில் செய்து ஐசிங் பூசலாம். இலங்கையில் இது வழக்கமானதே: மேசையில் நிற்பது பெரும்பாலும் காட்சிக்கான அமைப்பு; விருந்தினருக்குக் கிடைப்பது தாளில் சுற்றிய ரிச் கேக் துண்டு.

தாங்கு அமைப்பு

மேற்சொன்ன நான்கு அடுக்குகளில் மேலுள்ள மூன்றின் கன அளவு ஏறத்தாழ 10 லிட்டர். லிட்டருக்கு அரைக் கிலோ என்றாலும் 5 கிலோ எடை அடிக் கேக்கின்மேல் இறங்குகிறது. தாங்கல் இல்லாவிட்டால் ஸ்பாஞ்ச் நசுங்கி, நடுவிலுள்ள கிரீம் பக்கவாட்டில் பிதுங்கும். மேலடுக்கு சாயத் தொடங்கும்.

இதைத் தவிர்க்க ஒவ்வோர் அடுக்கும் அதன் விட்டத்துக்கு ஏற்ற உறுதியான அட்டையின்மேல் வைக்கப்படுகிறது. அந்த அட்டைக்குக் கீழே, அதன் விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தள்ளி, குச்சிகள் செங்குத்தாகச் செருகப்படும். மேலடுக்கின் விட்டத்தில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு குச்சி என்பது பழகிய கணக்கு. 10 அங்குல அடுக்குக்கு ஐந்து. எண்ணிக்கையைவிட முக்கியமானது நீளம். ஒரு குச்சியை அளந்து, மற்றவற்றையும் அதே அளவில் வெட்ட வேண்டும். குச்சி குட்டையாக இருந்தால் எடை கேக்கின்மேல் விழும். ஒன்று மட்டும் நீண்டிருந்தால் மேலடுக்கு ஆடும்.

இக்குச்சிகள் கீழ்நோக்கிய எடையை மட்டுமே தாங்கும். வண்டி திரும்பும்போது அடுக்குகள் வழுக்காமலிருக்க, எல்லா அட்டைகளையும் துளைத்து அடிப்பலகை வரை செல்லும் ஒரு நீண்ட நடுக்குச்சி தேவை. அடிப்பலகை வளைந்தால் ஐசிங் வெடிக்கும். எனவே அங்கே மெல்லிய அட்டையை நம்பக் கூடாது. வெப்பமான மண்டபங்களில் பட்டர்கிரீம் இளகிவிடும் என்பதால், உயரமான கேக்கைப் பிரித்து எடுத்துச் சென்று மண்டபத்திலேயே அடுக்குவதே பாதுகாப்பு.

மணமக்கள் வழக்கமாக அடி அடுக்கிலேயே முதல் துண்டை வெட்டுகின்றனர். அப்போதும் மேலுள்ளவை அசையாமல் நிற்பது குச்சிகளால்தான். எத்தனை குச்சிகள் செருகப்பட்டன என்று எழுதி, பிறகு கேக்கைப் பங்கிடுபவரிடம் கொடுத்துவிட வேண்டும். இல்லையேல் ஒன்று விருந்தினரின் தட்டுக்குப் போய்ச் சேரலாம்.